பிட்சரை எடுக்கலாமா, விடலாமா? மேனேஜர்கள் வாங்கும் திட்டும் முதலாளிகள் தப்பிக்கும் கதையும்

73 பந்துகள். 9 ஸ்ட்ரைக் அவுட். விட்டுக்கொடுத்தது இரண்டே இரண்டு ஹிட். 2020 அக்டோபர் 27 அன்று, டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த வேர்ல்ட் சீரிஸின் 6-வது ஆட்டத்தில், டாம்பா பே ரேஸ் அணியின் பிட்சர் பிளேக் ஸ்னெல் அப்படி வீசிக்கொண்டிருந்தார். எதிரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 6-வது இன்னிங்ஸ், ரேஸ் 1-0 என முன்னிலை, ஒருவர் அவுட். ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அவ்வளவுதான். ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஸ்னெல்லிடம் பந்தை வாங்கிக்கொண்டு, "போதும், நீ போ" என்று அனுப்பிவிட்டார். ஸ்னெல்லின் முகம் போன போக்கை கேமராக்கள் விட்டுவைக்கவில்லை.

அடுத்து வந்தவர் நிக் ஆண்டர்சன். முதல் பேட்டர் மூக்கி பெட்ஸ் ஒரு டபுள் அடித்தார். அடுத்து ஒரு பந்து கேட்சரிடமிருந்து தப்பியது, பார்ன்ஸ் ஓடி வந்தார், 1-1. கோரி சீகர் தரையோடு தட்டிவிட்ட பந்தில் பெட்ஸும் ஓடி வந்துவிட்டார், 2-1. 8-வது இன்னிங்ஸில் அதே பெட்ஸ் ஒரு ஹோம் ரன்னும் அடித்து 3-1 ஆக்கினார். ஆட்டமும் போச்சு, கோப்பையும் போச்சு. டாட்ஜர்ஸுக்கு 1988-க்குப் பிறகு முதல் பட்டம். டாம்பாவுக்கு இன்றுவரை ஒரு பட்டமும் இல்லை.

அன்றிரவு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. 'நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவனை ஏன் எடுத்தாய்?' என்று ஒரு கட்சி. 'கணக்குப்படி எடுத்ததுதான் சரி' என்று இன்னொரு கட்சி. பேஸ்பால் ரசிகர்கள் நான்கு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. இந்த வாரம் அந்தச் சண்டைக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்கலாம். பேஸ்பால் தெரியாதவர்களும் வரலாம். வேலை செய்யும் இடத்தில் யாரோ செய்த முடிவுக்கு யாரோ பழி வாங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால், இந்தக் கதை உங்களுக்குப் புரியும்.

ஒரு பிட்சரை எடுப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

கிரிக்கெட்டில் ஒரு பௌலர் நன்றாக வீசவில்லை என்றால் கேப்டன் அவரை நிறுத்துவார், பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார். பேஸ்பாலில் அது நடக்காது. ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர் அன்று திரும்ப வர முடியாது. எடுத்தால் எடுத்ததுதான்.

இன்னொரு பக்கம், எதிரணியின் 9 பேட்டர்களும் ஒரே வரிசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். முதல் சுற்றில் பிட்சரின் பந்து புதிது. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் பிடிபடும். மூன்றாவது சுற்றில், அவன் கை எப்படி வருகிறது, பந்து எங்கே வளைகிறது என்று பேட்டருக்கு ஒரு மனக்கணக்கு வந்துவிடும். பிட்சருக்கோ கை அசந்திருக்கும். மூன்றாவது சுற்றில் பெரும்பாலான பிட்சர்கள் அதிகம் அடி வாங்குகிறார்கள் என்பது பல வருட ஆட்டங்களை அலசி எடுத்த முடிவு.

கேஷ் இதைத்தான் நம்பினார். பெட்ஸும் சீகரும் ஸ்னெல்லை மூன்றாவது முறை பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னார். டாம்பா பணக்கார அணி அல்ல. சம்பளப் பட்டியலில் எப்போதும் கடைசிப் பக்கம்தான். கணக்கை நம்பித்தான் அந்த ஆண்டு 60 ஆட்டங்களில் 40-ஐ வென்றார்கள். ஏணியாக இருந்த வழக்கத்தைக் கடைசிப் படியில் மட்டும் விடச் சொன்னால் எப்படி என்பது அவர் தரப்பு.

ஆனால் எதிர்க்கட்சியின் கையிலும் கணக்கு இருக்கிறது. டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களான பெட்ஸ், சீகர், ஜஸ்டின் டர்னர் அன்று ஸ்னெல்லை ஆளுக்கு இரண்டு முறை சந்தித்தார்கள். ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். இந்தப் பக்கம் ஆண்டர்சனோ, அதற்கு முன் வந்த ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். பல வருடச் சராசரி ஒன்று சொல்கிறது, கண்முன் நடப்பது வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? ஸ்னெல் போனதில் நிம்மதி என்று ஆட்டம் முடிந்ததும் பெட்ஸே சொன்னார். எதிரி சந்தோஷப்பட்டால் நாம் எங்கேயோ தப்பு செய்கிறோம் என்றுதான் ரசிகர் மனசு சொல்லும்.

அதே கதை, தலைகீழாக

17 வருடம் பின்னால் போவோம். 2003 அக்டோபர் 16, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப்பின் 7-வது, கடைசி ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும். பேஸ்பாலில் இதைவிடப் பெரிய ஜென்மப் பகை கிடையாது.

8-வது இன்னிங்ஸ் தொடங்கும்போது பாஸ்டன் 5-2 என முன்னிலை. மவுண்டில் பெட்ரோ மார்ட்டினெஸ், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர். ஏற்கெனவே சுமார் 100 பந்து வீசியிருந்தார். 100-ஐத் தாண்டினால் பெட்ரோவின் கை தளரும் என்பது பாஸ்டனில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த செய்தி என்று சொல்லலாம். புல்பென்னில் மைக் டிம்லினும் ஆலன் எம்ப்ரியும் தயாராக இருந்தார்கள். அந்தத் தொடரில் இருவருமே நன்றாக வீசியிருந்தார்கள்.

ஒருவர் அவுட் ஆனார். டெரெக் ஜீட்டர் டபுள் அடித்தார். பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள் அடித்தார், 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து வந்தார். இன்னும் தெம்பு இருக்கிறதா என்று பெட்ரோவிடம் கேட்டார். இருக்கிறது என்றார் பெட்ரோ. லிட்டில் திரும்பி நடந்தார், பெட்ரோவை அங்கேயே விட்டுவிட்டு.

ஹிதெகி மட்சுயி ஒரு டபுள். ஹோர்ஹே பொசாடா ஒரு டபுள். 5-5. பெட்ரோ 123 பந்து வீசிய பிறகுதான் வெளியே வந்தார். ஆட்டம் 11-வது இன்னிங்ஸுக்குப் போனது. டிம் வேக்ஃபீல்ட் வீசிய முதல் பந்தையே ஆரன் பூன் என்ற யாங்கீஸ் வீரர் ஹோம் ரன்னாக அடித்தார். பாஸ்டன் காலி. அதே மாதம் 27-ம் தேதி, லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அணி அறிவித்தது. இரண்டு சீசனில் 188 ஆட்டம் வென்று கொடுத்த மேனேஜர் அவர்.

கவனியுங்கள். லிட்டில் தன் பிட்சரை நம்பினார், கணக்கை விட்டார், தோற்றார். 'கணக்கைப் பார்க்கத் தெரியாத மனுஷன்' என்று திட்டு வாங்கினார். கேஷ் கணக்கை நம்பினார், பிட்சரை எடுத்தார், தோற்றார். 'கணக்குக்கு அடிமையான மனுஷன்' என்று திட்டு வாங்கினார்.

இரண்டு வகைத் திட்டையும் ஒரே ஆள் வாங்கிய கதையும் உண்டு. டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ், 2018 வேர்ல்ட் சீரிஸின் 4-வது ஆட்டத்தில், ஒரே ஒரு ஹிட் கொடுத்திருந்த ரிச் ஹில்லை 4-0 என்ற முன்னிலையில் வெளியே எடுத்தார். டாட்ஜர்ஸ் 9-6 எனத் தோற்றது. 'ஏன் எடுத்தாய்?' மறு ஆண்டு பிளே-ஆஃபில், வாஷிங்டனுக்கு எதிராக கிளேட்டன் கெர்ஷாவை 8-வது இன்னிங்ஸிலும் தொடரவிட்டார். அடுத்தடுத்த பந்துகளில் இரண்டு ஹோம் ரன். டாட்ஜர்ஸ் வெளியேறியது. 'ஏன் எடுக்கவில்லை?' மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, இங்கே அதுகூட இல்லை. தோற்ற மேனேஜர் எதை உடைத்தாலும் பொன்குடம்தான்!

ஜெயித்தால் கேள்வி இல்லை

ரசிகர்களின் இந்தச் சண்டையில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கேஷ் ஸ்னெல்லை எடுத்ததற்குப் பத்து நாள் முன்பு, 2020 அக்டோபர் 17 அன்று, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டம். டாம்பாவின் சார்லி மார்ட்டன் ஒரு ரன்னும் கொடுக்காமல் வீசிக்கொண்டிருந்தார். 66 பந்துதான் ஆகியிருந்தது. 6-வது இன்னிங்ஸில் கேஷ் அவரை எடுத்தார். பதிலுக்கு வந்தவர் யார்? அதே நிக் ஆண்டர்சன். டாம்பா 4-2 என வென்று வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது.

அதே மேனேஜர், அதே இன்னிங்ஸ், அதே முடிவு, அதே மாற்று வீரர். ஜெயித்ததால் பேச்சு அடங்கியது. பத்து நாளில் அதே முடிவு 'வரலாற்றுத் தவறு' ஆகிவிட்டது.

அதற்காக எல்லா முடிவும் ஒன்றுதான், எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. முடிவு எடுத்த நொடியில் கையில் என்ன தகவல் இருந்தது என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் லிட்டில் பக்கம் பலவீனம். அவரிடம் பெட்ரோவின் கணக்கு இருந்தது, தயாராக இருவர் இருந்தார்கள், ஜீட்டரும் வில்லியம்ஸும் எச்சரிக்கை மணி அடித்துவிட்டார்கள். ஒரு பெருமைக்காரப் பிட்சரிடம் போய் 'முடியுமா?' என்று கேட்டால் 'முடியாது' என்றா சொல்வான்? கேட்டிருக்கவே கூடாத கேள்வி அது.

கேஷ் பக்கம் கொஞ்சம் நியாயம் கூடுதல். ஸ்னெல்லை எடுப்பது என்ற பாதி முடிவை ஏற்கலாம். அசந்துபோயிருந்த ஆண்டர்சனைக் கொண்டுவந்த மறுபாதியைத்தான் ஏற்க முடியவில்லை. சராசரியை மதித்தவர், கண்முன் இருந்த ஆறு ஆட்டக் கணக்கையும் மதித்திருக்கலாம். இது என் கருத்து. எதிர்வாதம் இருக்கும், இருக்கட்டும்.

ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. முடிவெடுக்க இருவருக்கும் கிடைத்த நேரம் சில நிமிடங்கள். பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நடந்துபோய்ச் சொல்ல வேண்டிய முடிவு. அதே அணிகளில், குளிரூட்டிய அறையில், மாதக்கணக்கில் யோசித்து எடுக்கப்படும் முடிவுகளும் இருக்கின்றன. அவைதான் டிரேட்.

மூக்கி பெட்ஸ் அங்கே எப்படி வந்தார்?

ஸ்னெல் போனதும் டபுள் அடித்து, பின்பு ஹோம் ரன்னும் அடித்த மூக்கி பெட்ஸ் அந்த ஆண்டு தொடக்கம் வரை டாட்ஜர்ஸ் வீரரே அல்ல. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2011-ல் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளை. 2018-ல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. அதே ஆண்டு பாஸ்டன் 108 ஆட்டம் வென்று வேர்ல்ட் சீரிஸையும் எடுத்தது. தோற்றது யார்? இதே டாட்ஜர்ஸ்.

பேஸ்பாலில் ஒரு வீரர் ஆறு ஆண்டு ஆடிவிட்டால் சுதந்திர ஆள். எந்த அணி அதிகம் கொடுக்கிறதோ அங்கே போகலாம். பெட்ஸுக்கு அந்த நாள் நெருங்கியது. லீகில் சொகுசு வரி என்று ஒன்று இருக்கிறது. சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் அணி லீகுக்கு வரி கட்ட வேண்டும். தொடர்ந்து தாண்டினால் வரி ஏறும். அந்த வரம்புக்குக் கீழே வர பாஸ்டன் விரும்பியது. 2020 பிப்ரவரியில் பெட்ஸையும், பெரிய சம்பளம் வாங்கிய பிட்சர் டேவிட் பிரைஸையும் சேர்த்து டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். அதே ஜூலையில் டாட்ஜர்ஸ் பெட்ஸுடன் 12 ஆண்டு, 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2020-ல் பாஸ்டன் தன் பிரிவில் கடைசி இடம். டவுன்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது ஒரு சில ஆட்டம்தான். வெர்டுகோவை 2023 டிசம்பரில் டிரேட் செய்தார்கள். யாருக்கு என்றால், ஜென்மப் பகையாளி யாங்கீஸுக்கு! மிச்சம் இருந்தது கேட்சர் வாங் மட்டும். பெட்ஸோ டாட்ஜர்ஸுக்காக 2020, 2024, 2025 என மூன்று பட்டம் வென்றுவிட்டார். 2024-ல் தோற்கடித்தது அதே யாங்கீஸை.

டிரேட்டைச் செய்த நிர்வாகி கைம் புளூம். 2023 செப்டம்பரில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். சொகுசு வரிக்குக் கீழே வர வேண்டும் என்பது புளூமின் சொந்த ஆசையா? அணியின் பணப்பெட்டிச் சாவி அவரிடமா இருந்தது? சாவி வைத்திருந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

'சாபம்' என்பது யாருக்கு வசதி?

பாஸ்டனுக்கு இது புதிதல்ல. இன்னும் 100 ஆண்டு பின்னால் போனால் பேப் ரூத் நிற்கிறார். பாஸ்டனுக்குப் பிட்சராகவும் பேட்டராகவும் ஆடிய மேதை. 1919-ல் 29 ஹோம் ரன் அடித்துவிட்டு, சம்பளத்தை 20,000 டாலராக்கச் சொன்னார். அணி உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர், பண நெருக்கடியில் இருந்தவர். அந்த டிசம்பரில் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். கூடவே, பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தை ஈடு வைத்து யாங்கீஸ் உரிமையாளரிடமே மூன்று லட்சம் டாலர் கடனும் வாங்கினார். மறு ஆண்டு நியூயார்க்கில் ரூத் அடித்தது 54 ஹோம் ரன்.

அதுவரை ஐந்து பட்டம் வென்றிருந்த பாஸ்டன், 1918-க்குப் பிறகு 86 ஆண்டு ஒன்றும் வெல்லவில்லை. அதே காலத்தில் யாங்கீஸ் 26 பட்டம் வென்றது. ரூத்தின் செல்லப் பெயரால் 'பாம்பினோ சாபம்' என்று இதற்குப் பெயர் வந்தது. பாஸ்டன் பத்திரிகையாளர் டேன் ஷானஸி 1990-ல் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் எழுத, சாபம் ஊர் முழுக்கப் பரவியது.

சாபம் என்ற வார்த்தை சுவாரசியமானது. ஆனால் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. சாபம் என்றால் யாரும் பொறுப்பில்லை. உண்மையில் பாஸ்டன் அணியை நடத்தியவர்கள் எடுத்த முடிவுகளைப் பாருங்கள். 1945-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் ஃபென்வே பார்க்குக்குத் தேர்வுக்கு வந்தார். அணி அவரை எடுக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்ந்து வரலாறு படைத்தார். மேஜர் லீகில் இருந்த எல்லா அணிகளும் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு, கடைசி அணியாக 1959-ல்தான் பம்ப்ஸி கிரீனை பாஸ்டன் களமிறக்கியது. பன்னிரண்டு ஆண்டு, நாட்டின் மிகச் சிறந்த வீரர்களில் ஒரு பகுதியைத் தோல் நிறம் பார்த்து வேண்டாம் என்ற அணி தோற்றதற்கு ஆவியா காரணம்?

பில் பக்னர் என்ற மனிதர்

மேலே இருப்பவர்களுக்குச் சாபம் கேடயம் ஆனது. கீழே இருப்பவர்களுக்கு? 1986 வேர்ல்ட் சீரிஸின் 6-வது ஆட்டம். பாஸ்டனுக்கும் நியூயார்க் மெட்ஸுக்கும். 10-வது இன்னிங்ஸில் முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு நடுவே ஒரு பந்து உருண்டு போனது. மெட்ஸ் ஜெயித்தது. 36 வயது, கணுக்கால் பழுதானவர். பாஸ்டன் முன்னிலையில் இருக்கும்போது கடைசி நேரத்தில் அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டனை இறக்குவது மேனேஜர் ஜான் மெக்நமாராவின் வழக்கம். அன்று செய்யவில்லை.

பந்து பக்னரைத் தாண்டிப் போவதற்கு முன்பே முன்னிலை கரைந்து ஆட்டம் சமன் ஆகிவிட்டது என்பதும், 7-வது ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது என்பதும் பலருக்கு ஞாபகத்தில் இல்லை. 22 சீசன்களில் 2,700-க்கும் மேல் ஹிட் அடித்த மனிதரின் பெயர் ஒரே ஒரு பந்தோடு ஒட்டிக்கொண்டது. மிரட்டல்கள் வந்தன. கடைசியில் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்துக்கே குடிபெயர்ந்தார்.

2008 ஏப்ரலில், பாஸ்டன் அவரை ஃபென்வே பார்க்குக்கு அழைத்தது. சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம், சம்பிரதாய முதல் பந்தை அவர் வீச வேண்டும். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். 22 ஆண்டு கழித்து வந்த கைதட்டல். 2019-ல் அவர் இறந்துவிட்டார். அந்த 22 ஆண்டை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

வலித்த டிரேட், பலித்த டிரேட்

எல்லா டிரேட்டும் துரோகம் என்று சொல்ல வரவில்லை. 2004 ஜூலை 31. பாஸ்டனின் செல்லப்பிள்ளை நோமர் கார்சியபாராவை, அப்போது 30 வயதே ஆன ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டைன் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார். ஊரே கொதித்தது. பதிலுக்கு வந்த ஆர்லாண்டோ கப்ரேராவும் டக் மின்கேவிச்சும் நட்சத்திரங்கள் அல்லர். பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அதே நாளில் சத்தமில்லாமல் இன்னொரு டிரேடும் நடந்தது. வேகமாக ஓடுவார் என்பதற்காக டாட்ஜர்ஸிடமிருந்து ஒருவரை வாங்கினார்கள். பெயர் டேவ் ராபர்ட்ஸ்.

ஆம், மேலே மேனேஜராக இரண்டு வகைத் திட்டும் வாங்கினாரே, அவரேதான்.

அந்த அக்டோபரில் மறுபடியும் யாங்கீஸ். முதல் மூன்று ஆட்டமும் பாஸ்டன் தோற்றது. மூன்றாவதில் 19-8! 4-வது ஆட்டம், 9-வது இன்னிங்ஸ், பாஸ்டன் 4-3 எனப் பின்தங்கியிருந்தது. மாற்று ஓட்டக்காரராக ராபர்ட்ஸ் வந்தார். திருடப் போகிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இரண்டாவது பேஸைத் திருடினார். பில் மியூலர் அடித்த சிங்கிளில் ஓடி வந்து சமன் செய்தார். டேவிட் ஆர்டிஸ் 12-வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அடுத்த மூன்றையும் பாஸ்டனே வென்றது. 0-3 என இருந்து ஒரு தொடரை வென்ற ஒரே மேஜர் லீக் அணி இன்றும் அதுதான். அந்தத் தொடரில் ராபர்ட்ஸ் ஒரு முறைகூட மட்டை பிடிக்கவில்லை. ஓடியது மட்டும்தான்.

பிறகு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்குக்கு நான்கு வென்று, அக்டோபர் 27-ல் 86 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அந்த நாட்களில் பாஸ்டன் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் ஒரு காட்சி. பார்க்காமலே போய்விட்ட அப்பா, தாத்தாக்களின் கல்லறைகளில் தொப்பிகளையும் கொடிகளையும் வைத்துவிட்டுப் போனார்கள் பிள்ளைகள். ஓர் அணி என்பது ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

நோமரை அனுப்பியதற்கும் மூக்கியை அனுப்பியதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது, ஜெயிப்பதற்காக ஒரு செல்லப்பிள்ளையைக் கொடுத்தது. இரண்டாவது, செலவைக் குறைப்பதற்காகக் கொடுத்தது. பலன் என்ன என்று தெரிவதற்கு முன்பே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால்தான் இரண்டாவதில் ரசிகர்களின் கோபம் நியாயமானது என்கிறேன்.

பூன் நாற்காலியில் உட்கார்ந்தபோது

2003-ல் ஹோம் ரன் அடித்து பாஸ்டனைக் கவிழ்த்த ஆரன் பூன் இப்போது யாங்கீஸின் மேனேஜர். 2025 செப்டம்பர் 30, பிளே-ஆஃப் முதல் ஆட்டம், எதிரே பாஸ்டன். யாங்கீஸ் 1-0 என முன்னிலை. மேக்ஸ் ஃப்ரீட் ஒரு ரன்னும் கொடுக்காமல் 102 பந்து வீசியிருந்தார். 7-வது இன்னிங்ஸில் பூன் அவரை எடுத்தார். வந்த லூக் வீவர் முன்னிலையைப் பறிகொடுத்தார். பாஸ்டன் 3-1 என வென்றது. நியூயார்க் முழுக்க அன்று ஒரே கேள்வி: 'ஏன் எடுத்தாய்?'

யாங்கீஸ் அடுத்த ஆட்டத்தை வென்றது. இரண்டு நாள் கழித்து மூன்றாவது, கடைசி ஆட்டம். அறிமுக சீசன் ஆடும் கேம் ஷ்லிட்லர் வீசினார். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே வளர்ந்த பையன். பூன் அவரை 8 இன்னிங்ஸ் வீசவிட்டார். 100 பந்தைத் தாண்டியும் எடுக்கவில்லை. 12 ஸ்ட்ரைக் அவுட். யாங்கீஸ் 4-0 என வென்று, பாஸ்டனை வெளியே அனுப்பியது. இரண்டு நாளில் பூனின் அறிவு கூடிவிட்டதா என்ன? ஒரு நாள் எடுத்தார், ஒரு நாள் விட்டார். இரண்டுக்கும் காரணம் இருந்தது, ஒன்று பலித்தது.

ரசிகர்கள் திட்டாமல் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. திட்டுவதும் டிக்கெட்டில் சேர்ந்ததுதான். ஆனால் திட்டுவதற்கும் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது? என்ன தெரிந்திருந்தது? அந்த முடிவால் யாருக்கு லாபம்? நிமிடங்களில் முடிவெடுத்துத் தோற்ற கிரேடி லிட்டிலுக்கு வேலை போனது. கணுக்கால் வலியோடு நின்ற பக்னருக்கு ஊரே போனது. மாதக்கணக்கில் யோசித்து, கணக்குப் போட்டு, மூக்கி பெட்ஸை அனுப்பச் சொன்னவர்களுக்கு ஒன்றும் போகவில்லை.

கோபம் எப்போதும் கண்ணில் படுகிற ஆள் மீதுதான் பாய்கிறது. மவுண்டுக்கு நடந்து வருகிறவர் கண்ணில் படுகிறார். மாடியில் இருப்பவர் படுவதில்லை. அடுத்த அக்டோபரில் ஏதோ ஒரு மேனேஜர் பிட்சரை எடுக்கத்தான் போகிறார், அல்லது எடுக்காமல் விடத்தான் போகிறார். அப்போது அவரைத் திட்டுங்கள், தாராளமாக. கூடவே ஒரு முறை மாடியையும் நிமிர்ந்து பாருங்கள்.